கோலுக்கு வரி இல்லை

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது.
கெட்டிக்கோல் வரவில்லை.
"பாருங்க பூங்காவனம்மா" என்று எழுத்தர்
பதிவேட்டில் விரல் வைத்தார்:
நாட்டுத் துப்பாக்கி, ஒற்றைக் குழல், ஒன்று.
கோலுக்கு வரி இல்லை.
"பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?"
பன்றிகள் அப்படிக் கேட்பதில்லை.
ஒடுகத்தூருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை,
பிஞ்சு பிடிக்குமுன் கோல் வேண்டும்.

குழலின் மேல் நூலை வைத்து
வாயிலிருந்து காதுவரை அளந்து முடிச்சிட்டேன்.
பிடிக்கென்று நாலு விரல் தள்ளி இன்னொரு முடிச்சு.
நூலை இடுப்பில் செருகி வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

லாங்கு பஜாரில் இரும்புக் கம்பி மலிவு.
இரும்போடு இரும்பு உரசி ஒரு பொறி போதும்,
இடித்த கையைத் தேடவேண்டியிருக்கும்.
ஆண்டெனாக் குழாய் முழங்காலில் வைத்ததும் வளைந்தது,
கடைக்காரர் முகமும்.
பித்தளையை எடைபோட்டு விலை சொன்னார்கள்,
அரை மூட்டை மல்லாட்டை அதிலேயே போய்விடும்.

மூங்கில் மண்டியில்
உள்ளே துளையில்லாத கல்மூங்கில்.
ஒவ்வொரு கழியாய்ச் சிமெண்டுத் தரையில் உருட்டினேன்.
கோணல் தட்டித் தட்டி ஓடும்.
நேரானது சத்தமே போடாது.
முப்பதாவதோ என்னவோ, சத்தம் போடவில்லை.

பிடிதான் பாடாய்ப் படுத்தியது.
கட்டில் குமிழ் உள்ளங்கையில் சுழன்றது,
சப்பாத்திக் கட்டை வழுக்கியது.
பாகாயம் சைக்கிள் கடை சம்சீர் பாய்
உடைந்த பம்பின் குறுக்குக் கட்டையைக் கழற்றினார்,
இரண்டு கைக்கும் இடமிருந்தது.
"எந்த வண்டிக்கு?"
"பன்றிக்கு."

கணுவைச் சீவி, கண்ணாடிச் சில்லால் வழித்து,
பொழுது சாயும் நேரம்
துப்பாக்கியை நிறுத்திக் கோலை உள்ளே விட்டேன்.
பிடிக்குக் கீழே நாலு விரல் தெரியவேண்டும்.
எட்டு விரல் தெரிந்தது.
நூலை மறுபடி வைத்துப் பார்த்தேன். நூல் சரி.
மெதுவாகக் கையை எடுத்தேன்.

பங்குனியில், ஒப்படைப்பதற்கு முந்தின இரவு
நான்தான் கெட்டித்தேன்:
மருந்து, தேங்காய் நார், ஈயம், மறுபடி நார்.
பன்றி வரவில்லை. விடிந்ததும் முதல் பஸ்.
அப்படியென்றால் எழுபது நாள்
பீரோ ஓரமாய்ச் சாய்ந்து
அவர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
பதிவேட்டில் அதற்கும் வரி இல்லை.

குழலின் வாய் தொடும் இடத்தில்
கோலில் கத்தியால் ஒரு கோடு கீறினேன்,
நிறைந்த குழலுக்கு.
வெறுங்குழலுக்கான கோட்டை
பன்றி வந்துபோன பிறகுதான் கீற முடியும்.