யூகோ அடிக்கும் நாளில்

தென்கிழக்கிலிருந்து யூகோ அடித்தால்
லாஸ்தோவோ தீவில் எதுவும் காயாது.
படுக்கை விரிப்பு, மீன்வலை, ஆட்களின் கோபம்,
எதுவும்.
நிக்ஷாவின் படகு நாலு மணிக்குத் திரும்பும்.
எட்டுப் பேர், எட்டு மூட்டை கடல்.

எனக்கு மழைநீர்தான் கணக்கு.
போன குளிர்காலத்தில் கூரை பிடித்துத் தந்தது
நிலவறையில் இன்னும் பதினோரு படி ஆழம்.
ஒரு தொட்டி நீர் மூன்று நாளைக்கு.
முதல் நாள் அது கழுவும்.
இரண்டாம் நாள் சமாளிக்கும்.
மூன்றாம் நாள் அதுவே ஒரு சின்னக் கடல்.

முதலில் ரெகுலேட்டர்.
மூடியை ஊதி உலர்த்தி, திருகி, பிறகே முக்க வேண்டும்.
நீருக்குள் இருக்கையில் பொத்தானை அழுத்தக் கூடாது.
அழுத்தினால் தண்ணீர் குழாயேறி
மூச்சு வரும் வழியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
கிராட்ஸிலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவர்
உதவுகிறேன் பேர்வழி என்று மூன்றை அழுத்தினார்.
அன்றிரவு நிக்ஷா பேசியதைத்
தேவாலயம் இருக்கும் தெருவில் திருப்பிச் சொல்ல முடியாது.

மிதவைச் சட்டையின் வயிற்றில்
எப்போதும் ஒரு குவளை கடல் மிச்சமிருக்கும்.
தலைகீழாய்ப் பிடித்து, குலுக்கி,
நல்ல தண்ணீர் விட்டு, மறுபடி குலுக்கி,
கடைசிச் சொட்டை விரலில் வாங்கி நாக்கில் வைப்பேன்.
கரித்தால் இன்னொரு முறை.
என் இடது செவிப்பறை ஏழு வயதில் கிழிந்தது.
ஐந்து மீட்டருக்குக் கீழே உள்ள கடலை
நாக்கால் மட்டுமே அறிவேன்.

வெட்சூட்டை உள்வெளியாய்ப் புரட்டும்போது
முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.
நான் இல்லை என்று எட்டுப் பேரும் சத்தியம் செய்வார்கள்.
ஜிப்பின் பற்களுக்கு மெழுகுவத்தித் துண்டு.
எவ்வளவு அலசினாலும்
உப்பிட்ட கடலை
ரப்பர் உள்ளளவும் நினைக்கும்.

இன்று பதினான்காம் எண் சட்டையின் பையில்
ஒரு சிலேட்டு.
கீழே வாய் திறக்க முடியாதவர்கள் எழுதிக்கொள்ளும்
வெள்ளைப் பலகை, நூலில் பென்சில்.
ஸ்லோவேனிய மொழி எனக்குப் பாதிதான் புரியும்.
இதற்கு அந்தப் பாதி போதும்.

மேலே ஒரு கடல்குதிரை, வால் சரியாக வரவில்லை.
அதன் கீழ், சாய்ந்த கையெழுத்தில்: காது வலிக்கிறது.
வேறு கை: இன்னும் ஐந்து நிமிடம்.
சாய்ந்தது: மேலே போகலாம்.
மற்றது: போன வருடமும் இப்படித்தான்.
பிறகு, மிச்ச இடம் முழுக்க அடைத்துக்கொண்டு,
பென்சில் முனை ஒடிந்த தடத்தோடு,
இல்லை.
அச்செழுத்துகள்.
யாருடைய கை என்று அவை காட்டிக்கொடுக்கவில்லை.

மேல்தளத்தில் அந்த இருவர்
வறுத்த கணவாயை நடுவில் வைத்துக்கொண்டு
ஆளுக்கொரு கடலைப் பார்க்கிறார்கள்.
உப்பை இங்கே தள்ளு என்றுகூட இல்லை.

சிலேட்டை நாளை வேறு யாராவது கேட்பார்கள்.
விரல்நுனியில் பற்பசை, ஒரு கை தண்ணீர்.
கடல்குதிரை முதலில் போனது.
காது போனது. ஐந்து நிமிடமும் போனது.
'இல்லை' மட்டும் பள்ளமாகிவிட்டது.
சாய்த்துப் பிடித்தால் விளக்கில் தெரியும்.
நிழலில் மாட்டிவைத்தேன்.

நள்ளிரவுக்குப் பிறகு காற்று திரும்பியது.
புரா.
ஜன்னல் கதவுகளை அறைந்துகொண்டு வந்து
ஒரே மூச்சில் தீவைத் துடைத்துவிட்டுப் போனது.
விடியும்போது எட்டு வெட்சூட்டும்
கொடியில் எடையின்றி ஆடின.

காலைக் கப்பல் துறையில் ஊதிக்கொண்டிருக்க
அவள் தனியாக வந்தாள்.
இன்று நிக்ஷாவோடு இறங்குகிறேன் என்றாள்.
ஒரு செட் போதும். பதினான்கு.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்:
காது எப்படி?
என் காதுக்கு என்ன, என்றாள்,
கப்பல் பக்கம் திரும்பாமல்.

ரப்பர் காலுறை மட்டும் இன்னும் காயவில்லை,
போடும்போது சில்லிடும் என்றேன்.
பரவாயில்லை என்று அங்கேயே உட்கார்ந்து
ஈரத்துக்குள் காலை நுழைத்தாள்.