ஏப்ரல் தாள்

ஹட்டன் கிளையில், காசாளர் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில்
ஏப்ரல் முடிந்து ஏழு மாதமாகியும்
யாரும் புரட்டாத தாள் ஒன்று தொங்குகிறது.
காதோரம் மஞ்சள் பூசிய சின்னான்,
கூட்டு விளிம்பில் ஒரு கால்,
அலகில் பச்சைப் புழு,
கீழே திறந்த இரண்டு சிவந்த வாய்கள்.
முச்சக்கரவண்டிக்குத் தவணை கட்ட வருகிறவர்கள்
வரிசையில் நின்றபடி அண்ணாந்து பார்த்து
"கைக்கெட்டும் போல இருக்கே" என்கிறார்கள்.

எட்டியது.
அதைத்தான் சொல்ல வேண்டும்.

போன வருசம் மாசி. அப்கொட் பக்கம்,
ஒன்பதாம் நம்பர் மலை காட்டோடு முடிகிற கானோரம்
ஒரு உண்ணிப்புதர்.
லென்சும் தவணைக்கு வாங்கியதுதான்;
முதல் மாதக் காசு இன்னும் கட்டியிருக்கவில்லை.
கூடு தெரிந்தது. ஆனால் குறுக்கே
மூன்று இலைக்கொத்து.

அப்பா கவ்வாத்துக்காரர்.
முப்பது வருசம் தேயிலையின் தலையெடுத்த கத்தி
வீட்டில் இருக்கிறது, அதன் பழக்கம் என் கையில்.
சரிவு பார்த்து, பட்டை கிழியாமல்,
மூன்றே வெட்டு.
வெளிச்சம் விருந்தாளி மாதிரி உள்ளே போனது.
இருபது நிமிடம். நூற்றுப் பதினெட்டுப் படம்.
தாய் இரண்டு முறை வந்து தயங்கித் திரும்பியது.
அந்தத் தயக்கத்தையும் எடுத்தேன்,
நல்ல பாவம் என்று நினைத்துக்கொண்டு.

அப்பா வெட்டினால் தேயிலை துளிர்க்கும்.

மறுநாள் காலை மறுபடி போனேன்,
இன்னும் கொஞ்சம் நல்ல ஒளிக்கு ஆசைப்பட்டு.
கிண்ணம் மட்டும் இருந்தது.
பாசி, வேர்நார், அடியில் ஒரு சொட்டுப் பனி.
எனக்கு விலகிய இடைவெளி
காகத்துக்கும் விலகியிருக்கிறது.
காகமோ, மரநாயோ, சாரையோ.
கொழுந்துக் கூடையோடு கானைத் தாண்டிய தவமலர்
"நேத்து நீங்க போன பொறகும்
கத்திக்கிட்டே கெடந்துச்சு தம்பி, இருட்டுற வரைக்கும்"
என்றார். குற்றமாக இல்லை,
மழை பிடித்த நேரத்தைச் சொல்வது போல.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. கலண்டரில் ஏறியது.
கைகுலுக்கிய ஒருவருக்கும்
சட்டத்துக்கு வெளியே வாடிக்கிடந்த
மூன்று கொத்து தெரியவில்லை.
சட்டம் போடுவதே அதற்குத்தானே.

கொழும்பிலிருந்து ருஷாந்தன் அழைத்தான்:
எந்த இடம் மச்சான்?
என் போனில் அதன் குரல் இருக்கிறது,
போட்டுவிட்டால் தலைக்கு மேலேயே வந்து நிற்கும்.
நமுனுகுலப் பக்கம் என்று பொய் சொன்னேன்.
பிறகு இரவோடிரவாக உட்கார்ந்து
ஒவ்வொரு படத்தின் வயிற்றிலும் எழுதியிருந்த
பாகையையும் கலையையும் அழித்தேன்.
இது பிராயச்சித்தமில்லை.
பயம்.

இந்தச் செப்டம்பரில் போனபோது
புதர் பழையபடி மூடியிருந்தது.
உண்ணிக்கு யாருடைய மன்னிப்பும் வேண்டியதில்லை.
உள்ளே ஏதோ போய் வருகிறது.
அதே பறவைதானா என்று கேட்க
எனக்கு வாயில்லை.
கானுக்கு இந்தப் பக்கம், பதினெட்டு எட்டுத் தள்ளி,
சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.
அட்டை ஏறியது, குடித்தது, உருண்டது.
கிளையில் ஒரு தயக்கம் தெரிந்ததும்
லென்சை மடியில் இறக்கினேன்.
மூடுபனி வந்து பாதி நேரத்தைக் கொண்டுபோனது.
மிஞ்சியது ஒரே படம்:
இலை, இலை, ஈரமான இன்னோர் இலை,
அதற்கெல்லாம் பின்னால்
கடுகளவு மஞ்சள்.

அடுத்த வருடக் கலண்டருக்கு
மனேஜர் படம் கேட்டார். அதைக் கொடுத்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார்.
"குருவி எங்கப்பா?"
"இருக்கு சேர்."

அவர் தலைக்கு மேலே, ஏப்ரலில்,
அந்த இரண்டு வாய்களும்
இன்னும் மூடவில்லை.