நிர்வாகம் பொறுப்பல்ல

சதுர அடி நாற்பது ரூபாய்.
சிவப்பில் வேண்டுமென்றால் ஐந்து கூட.
மேலே ஒரு தராசு போட்டுக் குடும்மா என்பார்கள் சிலர்.
தராசுக்கு நான் காசு வாங்குவதில்லை.

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
பதினோரு வருடமாகச் சட்டம் வெட்டித் தருகிறேன்,
ஒட்டுத்தாளில்.
முதுநகர் செருப்புக் கடைக்கு
விற்ற பொருள் வாபஸ் இல்லை.
செம்மண்டலம் பல் டாக்டரின் மதில் சுவருக்கு
மீறினால் சட்டப்படி நடவடிக்கை.
எந்தச் சட்டம் என்று அவரும் சொல்லவில்லை.
எழுத்து எத்தனை அங்குலம் என்றுதான்
நானும் கேட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம்
கலியவரதன் ஸ்டாண்டில் வண்டியை விட்டு
விழுப்புரம் போய்த் திரும்பிய ராத்திரி
வண்டி நின்ற இடத்தில்
ஆயில் சொட்டியிருந்தது. அவ்வளவுதான்.

அஞ்சலாட்சி டோக்கன் கட்டைப்
பின்னாலிருந்து ஒருமுறை புரட்டினாள்.
கலியவரதன் பாக்கை ஒதுக்கிக்கொண்டு
டார்ச்சை மேலே அடித்தார்:
"போர்டு படிக்கலியா?"

படிப்பதா.
மாசிமகத்துக்கு முந்தின வாரம்
ஏணியில் ஏறி ஒட்டியதே நான்.
கடைசி 'ல்ல' மட்டும் வெயிலில் ஓரம் தூக்கியிருந்தது.
"அதுக்கு இன்னும் நூத்தம்பது பாக்கி இருக்குண்ணே"
என்றுதான் வாயில் வந்தது.

டைப்பிங் அமலோற்பவம் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"காசு வாங்கி, வண்டிய வாங்கி, சீட்டு குடுத்தா
பாத்துக்க வேண்டியவன் அவன்தான்.
பலகைல எழுதிட்டா தீந்துச்சா?
சாப்புட்டவர் பொறுப்பல்லன்னு
எலைல எழுதி வெச்சுட்டு
ஓட்டல்லேருந்து எந்திரிச்சிப் போவியா நீ?"

நுகர்வோர் மன்றத்துக்கு மனு அடித்தாள்.
'சகலமானவர்களுக்கும் இதன்மூலம் அறிவிப்பது யாதெனில்'
என்று ஆரம்பித்தாள்.
சகலமானவர்களுக்கு எதற்கு, என் வண்டிதானே என்றேன்.
"சும்மா. கனமா இருக்கட்டும்."
பிறகு அவளே அதை அடித்துவிட்டு
தேதி, டோக்கன் நம்பர், வண்டி நம்பர் போட்டாள்.
மனு மெலிந்துபோய்
ஒன்றரைப் பக்கத்தில் நின்றது.

நோட்டீஸ் போய்ச் சேரும் முன்னே
கலியவரதன் கடைக்கு வந்தார்.
"'ல்ல' வுழுந்துடுச்சும்மா.
நிர்வாகம் பொறுப்பான்னு
போறவன் வர்றவன்லாம் கேக்குறான்.
இந்தவாட்டி பெருசா.
'கண்டிப்பாக'ன்னு ஒண்ணு சேத்துக்க.
தராசும் போடு."

போட்டேன்.
பழைய பாக்கியோடு முன்பணம் வாங்கி
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
மடித்துப் பையில் வைக்கும்போது பார்த்தேன்,
அடியில், பொடி எழுத்தில்,
அச்சடித்த நாளிலிருந்து இருப்பது:
ஒட்டியபின் உரிந்தால் கடை பொறுப்பல்ல.