பதினோரு நிமிஷம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி.
கல்மண்டபம், பிளெக்ஸ் அச்சுக்கடை மாடி.
மை நாற்றம் ஏறிய மின்விசிறிக்குக் கீழே
நாங்கள் ஐந்து பேர்
ஒரு ராஜ்ஜியத்தைப் பாயில் பிரித்து வைப்போம்.

இம்தியாஸ் திருடன்.
யுவஸ்ரீ காட்டில் பிறந்த வில்லாளி.
கோதண்டம், லாரி ஷெட்டில் கணக்கு எழுதுபவன்,
இங்கே கோடாரியோடு கத்துவதற்கென்றே
வாரம் முழுக்க வாய் திறக்காதவன்.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சகாயமேரி:
மழை அவள், மலை அவள், சத்திரக்காரன் அவள்,
எங்களைக் கொல்ல வரும் எல்லாமும் அவள்.

நான் கிளெரிக்.
தமிழில் என்ன சொல்வதென்று முதல் வாரமே தகராறு.
பூசாரி என்றான் கோதண்டம். ஃபாதர் என்றாள் மேரி.
'எங்காளையும் சேத்துக்கோ' என்றான் இம்தியாஸ்.
யார் சாமிக்கும் வம்பு வேண்டாமென்று
விளக்கையே சாமியாக்கினோம்.
நான் விளக்குக்காரன்.
தொட்டால் காயம் ஆறும்.
ஆறியது, ஒரு காலத்தில்.

என் தாளில் 'கடந்த காலம்' என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதியிருந்தேன்:
மடத்து வாசலில் குத்துப்பட்டு வந்தவனை நிறுத்தி
மூன்று வெள்ளிக்காசு கேட்டான்.
காசு உள்ளே வந்தது.
அவன் வரவில்லை.
அன்றிலிருந்து இவன் கையில் வெளிச்சம் இல்லை.

'செம்ம பேக்ஸ்டோரி மச்சி' என்றார்கள்.
நான் பஜ்ஜி எண்ணெயை
அதே தாளின் ஓரத்தில் துடைத்துக்கொண்டேன்.

ஏழு வாரம் பரிகாரம் தேடினேன்.
எலும்புப் படைக்குள் முதல் ஆளாகப் பாய்ந்தேன்.
கோதண்டத்துக்கு வந்த அம்பை என் தோளில் வாங்கினேன்.
பாம்பு காக்கும் கிணற்றில் கயிறில்லாமல் இறங்கினேன்.
ஒவ்வொரு முறையும் அந்த இருபது முகப் பகடை
உயிரைத்தான் கொடுத்தது,
வேறொன்றும் கொடுக்கவில்லை.

எட்டாம் வாரம் டிராகன் வருமென்று நினைத்தோம்.
கீழே காசிமேட்டுக்குப் போகும் ஐஸ் லாரி
தெருவை நனைத்துக்கொண்டே போனது.
சகாயமேரி குரலை இறக்கினாள்:
மடத்து வாசல். சாயங்காலம்.
ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.
செத்தவனின் மகள்.
உன்னைத் திட்டவில்லை.
ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்:
'எங்கப்பா எவ்ளோ நேரம் வெளிய கெடந்தாரு?'

பகடையை எடுத்தேன்.
'இதுக்கு உருட்ட முடியாது' என்றாள்.

பதினோரு நிமிஷம், என்றேன்.

இம்தியாஸ் சிரித்துவிட்டான்:
'அந்த ஊர்ல ஏதுடா நிமிஷம்?
மெழுகுவத்தி கணக்குதான?'
பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
என் சட்டைப்பையைப் பார்த்தான்.
பையில் நீலக் கயிறு சுற்றிய அடையாள அட்டை.
அரசு மருத்துவமனை. வார்டு உதவியாளர்.

ஸ்ட்ரெச்சருக்கு அன்றைய ரேட்டு இருநூறு.
மருமகன் ஏடிஎம் தேடி ஓடினான்.
முதல் மிஷினில் பணமில்லையாம்.
மகள் தகப்பனின் தலையை
ஆட்டோ சீட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள்.
வாசல் கடிகாரம் எனக்கு நேர் எதிரே.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.
யுவஸ்ரீ மட்டும்
தன் டீ கிளாஸைக் கொஞ்சம் நகர்த்தி
என் தாள் நனையாமல் பார்த்துக்கொண்டாள்.

'அவ எழுந்து போயிட்டா' என்றாள் சகாயமேரி.
மன்னிச்சாளா?
'தெரியாது. நான் அவ இல்ல.'
எல்லாமுமாய் இருந்தவள்
அதைச் சொன்னாள்.

ராத்திரி டூட்டி.
மூன்றாம் நம்பர் ஸ்ட்ரெச்சருக்கு
முன்சக்கரம் இடது பக்கம் இழுக்கும்.
எண்ணூரிலிருந்து ஆட்டோவில் வந்தவர்
அண்ணனை இறக்கும் முன்பே
சட்டைப்பையைத் தடவினார்.
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
'அத உள்ள வைங்க. கால் பக்கம் புடிங்க.'

வராந்தா முழுக்க டியூப்லைட்.
என் கையில் ஒன்றும் எரியவில்லை.
சக்கரம் இடது பக்கம் இழுத்தது.
நான் வலது பக்கம் அழுத்தித் தள்ளினேன்.