ஏழு, அரை

குழாயைத் திறந்தது நான்தான்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

எய்மான்டஸ் சமையல் மேடையில்
பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தான்.
அலுமினியத் தகட்டில் தானே வெட்டி, தானே ராவி,
சிகரெட்டை விட்ட வாரம் செய்த ஆவிப் பெட்டி.
பதினான்கு மாதமாய் அவன் சட்டையில்
சாம்பல் இல்லை, ஆப்பிள் வாசனைதான்.
வாசல்மணி அடித்தது, எழுந்து போனான்.
நான் உருளைக்கிழங்கு கழுவ வந்தேன்.
தொட்டியின் விளிம்பில் இருந்த நட்
'டிங்' என்றுகூடச் சொல்லவில்லை.

குறுக்கே ஏழு மில்லிமீட்டர்.
மரைக்கும் மரைக்கும் இடையே அரை.
ஏழு, அரை.
சேர்த்துச் சொன்னால் வேறு கணக்காகிவிடும்,
பிரித்தே சொல்லி வந்தேன்
கடை கடையாக.

"நீதானே தினமும் டவுனுக்குப் போகிறாய்" என்று
இணைப்பானைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தான்.
படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் நேரம் போக
க்ளைபெடா முழுக்க அதை வைத்துக்கொண்டு அலைந்தேன்,
கடற்பனியில், கையுறையைக் கழற்றிக் கழற்றி.

ப்ரோன்யுஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
"ஆறு இருக்கிறது. எட்டு இருக்கிறது.
ஏழை யார் கேட்கிறார்கள், அம்மணி?"
பாலத்துக்கு அப்பால் ஒரு கடையில் ஏழு இருந்தது.
ஆனால் மரை முழு மில்லிமீட்டர்.
வாயில் வைத்ததுமே முகம் திருப்பிக்கொண்டது.

மகன் ரொகாஸின் கிதாரில்
சத்தம் கூட்டும் குமிழுக்கு அடியில் ஒன்று.
ஏழேதான்! குறடு எடுத்தான், கழற்றினான்,
ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று,
மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
நின்றுவிட்டது.
மரை முக்கால்.
ஒன்றரைச் சுற்று வரை
எதுவும் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும்.
அதற்கு மேல் இறுக்கினால் இரண்டும் போகும்.
ரொகாஸ் மூன்று நாள் பேசவில்லை,
கிதாரும்தான்.

சீனாவிலிருந்து வரவழைக்கலாமாம்.
குறைந்தது நூறு. நாற்பது நாள்.
"புதுப்பெட்டி இருபது யூரோ, வாங்கித் தொலையேன்"
என்றாள் பக்கத்துக் கவுன்ட்டர் ஜெனொவைடே.
அவள் கணக்கு சரிதான்.
அவன் செய்த பெட்டியை அவள் பார்த்ததில்லை.

பதினோராம் நாள், ஞாயிறு.
அவன் கப்பல் பட்டறையில் கூடுதல் வேலையில்.
தொட்டிக்கு அடியில் வாளியை வைத்து
வளைகுழாயின் பிளாஸ்டிக் வளையத்தைத் திருகினேன்.
இது மட்டும் வெறுங்கையில் கழன்றது.

கறுத்த தண்ணீர். மீன் செதில். தோல் சீவல்.
அடியில், நட்.
அதனோடு
மூன்று சிகரெட் துண்டுகள்,
ஊறிப் பருத்து, நீலக்கோடு அழியாமல்,
ஒன்றின் முனையில் அவன் கடிக்கிற கடி.

செய்தித்தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.
இந்தப் பதினோரு நாளா? அதற்கும் முன்பா?
பதினான்கு மாதத்தில் எந்த மாதம்?
தண்ணீர் தேதி போடுவதில்லை.

வினிகரில் போட்டு, பல்துலக்கியால் தேய்த்து
நட்டை இணைப்பானில் ஏற்றினேன்.
விரல் நுனியால் தொட்டதும் ஓடியது,
வெண்ணெயில் கத்தி போல, அடிவரை.
பிறகு அந்த மூன்றையும்
இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டு
வளையத்தை இறுக்கினேன்.

இரவு கேட்டான்:
"எங்கே கிடைத்தது?"
"ப்ரோன்யுஸ் கடையில்."
"என்ன விலை?"
"இருபது சென்ட்."
விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒரு முறை முகர்ந்தும் பார்த்தான்.
"நல்ல நட்" என்றான்.

அப்புறம் தொட்டிக்குப் போய்
குழாயைத் திறந்து கை கழுவினான்,
வெகுநேரம்.
தண்ணீர் தடையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.