மூன்றாம் எண் கூண்டு

பெட்டியோடு வந்த சக்திகள் இருபத்தைந்து.
எல்லாம் பழகிவிட்டன,
கொள்ளைக்காரன் கைக்கு வந்தால்
யார் எப்படி இருமுவார்கள் என்பது வரை.
இருபத்தாறாவதை நான் செய்தேன்,
முதுநகர் மாடியறையில்,
சிப்காட்டில் இரவுப்பணி முடிந்தும்
தூக்கம் வராத ஒரு பகலில்,
கலிவரதன் தங்கையின் கல்யாணப் பத்திரிகையை
அளவாக வெட்டி.

பெயருக்கு அலையவில்லை.
சன்னலைத் திறந்தால் துறைமுகக் கம்பம்.
ஐப்பசி பிறந்துவிட்டால் ஓயாமல் ஏறி இறங்கும்.
கூண்டு என்று தலைப்பிட்டு
கீழே பென்சிலில் எழுதினேன்:
ஆட்டத்தில் ஒருமுறை நீ கூண்டு ஏற்றலாம்.
ஏற்றினால் எல்லாக் கப்பல்களும் கரை திரும்பும்.

முதல் ஞாயிறு, நஸ்ரினின் ஏழு கப்பல்கள்
மிளகுத் தீவுக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றன.
ஏற்றினேன்.
அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு
செருப்பைத் தேடினாள்.

இருதயராஜ் கோர்ட்டில் நகல் எழுதுகிறவன்.
அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டான்:
"எல்லாக் கப்பலும்னா, உன்னுதும் சேர்த்தியா?"
எல்லாவை அழித்தேன்.
எங்கள் என்று போட்டால் யாரோ தப்பிக்கிறார்கள்.
நம் என்று எழுதினேன்.
அதன் பிறகு நாலு ஞாயிறு
ஒருவரும் ஏற்றவில்லை.
தன் கப்பலும் திரும்புமென்றால்
யாருக்கு வேண்டும் புயல்?

மறுபடி ரப்பர். தாள் மெலிந்து
அந்தப் பக்கத்து முகூர்த்த நேரம் தெரிய ஆரம்பித்தது.
இந்த முறை பகடையைச் சேர்த்தேன்.
ஆறு விழுந்தால் புயல்.
கடலில் நிற்கும் கப்பல்கள் முழுகும்.
வேறெது விழுந்தாலும் வெறும் காற்று.
திரும்பி வந்தவர்களுக்கு இரண்டு சுற்று வீண்.
நிற்பதும் திரும்புவதும் அவரவர் பாடு.

அப்போதுதான் அதற்கு உயிர் வந்தது.
கலிவரதன் ஒருநாளும் திரும்பமாட்டான்.
"மூணாம் நம்பருக்கெல்லாமா பயப்படறது?"
நிஜக் கூண்டு ஏறினாலும்
தேவனாம்பட்டினத்துக்கு வண்டியை விரட்டி
அலை பார்க்கிற ஆள்.
நஸ்ரின் முதல் ஆளாகத் திரும்புவாள்.
தானே அடித்த ராத்திரி அவள் வீட்டுத் தகரக் கூரை
மூன்றாம் தெருவில் கிடந்ததாம்.
அதைச் சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைத்தாள்,
நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

எல்லாம் சரி, அட்டைதான் சரியில்லை.
பத்திரிகைத் தாள் தடிமன்.
ஓரத்தில் ஜிகினா.
கட்டுக்குள் எங்கே செருகினாலும் பல்லிளிக்கும்.
எடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டாம்,
விரலைப் பார்த்தால் போதும்.
உப்புத்தாளில் தேய்த்தேன்.
உறை போட்டேன்.
இம்பீரியல் சாலையில் வேறு அட்டை கேட்டால்
"ஐடி கார்டுக்கா சார்?" என்றார்கள்.
கூண்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
வாங்கி வந்ததும் ஒரு நூல் மெலிசு.

மூன்று வாரம் இப்படிப் போராடிய பிறகு
முறுக்கை நொறுக்கிக்கொண்டே நஸ்ரின் சொன்னாள்:
"கூண்ட எவனாவது ஒளிச்சு வெப்பானா?"

கடைசி வரி அப்படித்தான் வந்தது:
கைக்கு வந்ததும் எல்லோரும் பார்க்க நிமிர்த்தி வை.

இப்போது கெஞ்சல் தொடங்கிவிடுகிறது.
"இந்தச் சுத்து மட்டும் ஏத்தாத,
ரெண்டு மிளகு தரேன்."
"அவனுக்கு ஏத்து, எனக்கு வேணாம்."
ஏற்றிவிட்டால் அது வெறும் தாள்.

போன ஞாயிறு இருதயராஜுக்கு வந்தது.
தம்ளரில் சாய்த்து நிறுத்தினான்.
மிளகு குவிந்தது. ஆட்டம் முடியும்வரை
கை அதன் பக்கம் போகவேயில்லை.
இரண்டு புள்ளியில் தோற்றான்.
ஏன்டா ஏற்றவில்லை என்றதற்கு
"நீங்க மூணு பேரும் அதையே பாத்துட்டு இருந்தீங்க,
நல்லா இருந்துச்சு" என்றான்.

நேற்று எல்லா எழுத்தின் மேலும் மை ஓட்டினேன்.
ஒருமுறை என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தேன்.
கலிவரதன் ஒப்பமாட்டேன் என்கிறான்.
"இந்த வருஷமே நாலு தடவ ஏறிச்சே?"
அது இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.