கம்முனு கெட

எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து மணலி வரைக்கும்
இருபத்து மூன்று கம்பங்கள்,
கம்பத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
நீர் எவ்வளவு ஏறியது, காற்றில் என்ன நெடி,
தெரிந்ததை மட்டும் சொல்லும்.
மாட்டியவள் நான்.
ஏணி பிடித்தவன் கௌஸ்பாஷா.

எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசைக் கீற்று.
லைசென்ஸ் வேண்டாம், வாடகை இல்லை,
டோக்கன் கிழித்துக் கொடுக்கவும் ஆள் இல்லை.
“அப்பால எப்டிக்கா அட்ச்சிக்காம இருக்கும்?”

பேசுமுன் காதுகொடுக்கும் என்றேன்.
வேறொன்று பேசிக்கொண்டிருந்தால்
வாயை மூடிக்கொள்ளும்.
“கம்முனு கெடக்கும்னு சொல்லு.”
கிடக்கும். எவ்வளவு நேரம் என்பதை
ஒவ்வொன்றும் தனக்குள் சீட்டுக் குலுக்கிப் பார்க்கும்.
ஒன்றுக்கு ஏழு மில்லி நொடி, ஒன்றுக்குப் பத்தொன்பது.
ஒரே சீட்டு விழுந்தால் மோதல்தான்.
மோதியவை
இன்னும் அதிகச் சீட்டுகளைப் போட்டு
மறுபடி குலுக்கும்.
நான்தான் முதலில் வந்தேன் என்ற பேச்சே இல்லை.

ஏணியின் அடியிலிருந்து சிரித்தான்:
“எங்க தெருவுல தண்ணி லாரி நிக்கிற எடத்துல
இத்த ஒண்ணு மாட்டிவுடுக்கா.”

ஆனாலும் ஒன்பதும் பதினான்கும் தொலைந்துகொண்டே இருந்தன.
சாம்பல் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று,
அந்தப் பக்கம் ஒன்று.
இரண்டும் கேட்டுப் பார்த்தன. அமைதி.
இரண்டும் மரியாதையாகவே பேசத் தொடங்கின.
கத்திவாக்கத்து மொட்டைமாடியில்
இரண்டையும் கேட்கிற ஒரே பெட்டிக்கு மட்டும்
வெறும் இரைச்சல்.

மூன்று ராத்திரி, இரண்டு ஃபிளாஸ்க் டீ.
குற்றவாளியைத் தேடினேன்.
இருந்தது மேடு மட்டும்.

பிறகு இப்படி மாற்றினோம்:
பேசலாமா என்று முதலில் மாடியைக் கேள்.
“ஒன்பதே, பேசு” என்று மாடி சொல்லும்.
ஒன்பதின் குரல் எட்டாத பதினான்குக்கும்
அந்தப் பதில் எட்டும்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
“சரி, சரி, அழாத” என்று போனில் சொல்ல,
மறுமுனையில் யாரென்று தெரியாமலே
நம் குரலைத் தணித்துக்கொள்வோமே,
அப்படி.

மார்கழிக்கு முந்தின பெருமழையில்
இருபத்து மூன்றுக்கும் சொல்ல இருந்தது.
முழங்காலளவு தண்ணீரில் ஸ்டூல் போட்டு
லேப்டாப்பை மடியில் வைத்திருந்தேன்.
திரையில் இருபத்து நான்காவதாக
ஒரு மெல்லிய கோடு.

நாங்கள் மாட்டியதல்ல.
யாருடைய மீட்டரோ,
எந்தக் கம்பெனி கேட்டின் ரிமோட்டோ.
எங்கள் மாடியின் மொழி அதற்குத் தெரியாது.
ஒன்பது பேசத் தொடங்கியதும் அது நின்றது.
ஒன்பது முடிக்கும்வரை நின்றது.
அதற்குப் பிறகும்
கொஞ்சம்.

“யார்க்கா அது?” என்றான் கௌஸ்பாஷா.

தெரியவில்லை.
சொல்லி முடிக்கட்டும், இரு.